வெஸ்ட் ஒக்லாண்ட் ஊராருக்கு, தேயிலை மலையிலிருந்து ஒரு திறந்த மடல்

வெஸ்ட் ஒக்லாண்ட் உதைபந்தாட்டக் கழகத்தின் செயற்குழுவினருக்கும், அந்த ஊரில் இருக்கிற எல்லோருக்கும் வணக்கம்.

நான் இலங்கையில் ஹப்புத்தளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவன். இன்றைக்கும் அதே மலையில்தான் இருக்கிறேன். சனிக்கிழமைகளில் லயத்துப் பிள்ளைகளை, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில் இருக்கிற பிள்ளைகளை, சேர்த்துப் பந்து பழக்குகிறேன். இந்த மடலை ஆங்கிலத்தில் மாற்றி உங்களுக்கு அனுப்புவேன், ஆனாலும் முதலில் தமிழில்தான் எழுதுகிறேன், ஏனென்றால் இதை உங்களோடு சேர்த்து எங்கள் ஆட்களும் படிக்க வேண்டும், இந்தக் கதை இரண்டு பக்கத்துக்கும் சொந்தமானது.

போன வருடம் பழகவந்த பொடியன் ஒருவன் கேட்டான், “சேர், முதல் உலகக் கிண்ணத்தை யார் எடுத்தது?” 1930, உருகுவே என்று சொன்னேன். சரியான பதில்தான். ஆனால் வீட்டுக்குப் போய் அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று தேடிப் படிக்க உட்கார்ந்தேன், அப்போதுதான் உங்கள் ஊர்ப் பெயர் வந்தது. இங்கிலாந்தின் வடக்கே, டர்ஹாம் மாவட்டத்தில், பிஷப் ஒக்லாண்டுக்குப் பக்கத்தில் ஒரு நிலக்கரி ஊர். 1909 ஏப்ரலில் அங்கிருந்து சுரங்கத் தொழிலாளர்கள் இத்தாலியில் டுரின் நகரத்துக்குப் போய், நாலு நாட்டு அணிகள் ஆடிய போட்டியில் கிண்ணம் எடுத்து வந்தார்கள். அந்தக் கிண்ணத்தின் பெயரைப் படித்ததும் எனக்கு மேலே ஓடவில்லை. சேர் தோமஸ் லிப்டன் கிண்ணம்.

அந்தத் தேயிலை முதலாளியின் பெயர் எங்களுக்குப் புத்தகத்தில் படித்த பெயர் இல்லை. ஹப்புத்தளையில் யாரைக் கேட்டாலும் ‘லிப்டன் சீட்’ என்கிற மலை உச்சிக்கு வழி சொல்வார்கள். தம்பத்தன்னை தோட்டத்து ஃபெக்டரியிலிருந்து தேயிலைக்கு நடுவே வளைந்து வளைந்து ஏறும் பாதை, உச்சியில் அந்த மனிதர் உட்கார்ந்து தன் தோட்டங்களைப் பார்ப்பாராம், இப்போது அதே இடத்தில் அவருடைய சிலை உட்கார்ந்திருக்கிறது.

அன்றிலிருந்து உங்கள் ஊர்க் கதையைக் கிடைத்த இடமெல்லாம் தேடிப் படித்தேன். கிண்ணத்தை விட, நீங்கள் அங்கே போன விதம்தான் என்னை அதிகமாகப் பிடித்துக்கொண்டது.

இங்கிலாந்தின் உதைபந்துச் சங்கம் அணி அனுப்ப மறுத்துவிட்டது. பெரிய கழகங்கள் எதுவும் போகவில்லை. லிப்டனுக்கோ தன் நாட்டு அணி ஒன்று அங்கே நிற்க வேண்டும். கடைசியில் அழைப்பு வந்தது, வட இங்கிலாந்துக் கழகங்கள் ஆடுகிற நார்தர்ன் லீக்கில் அடிமட்டத்தில் கிடந்த உங்கள் கழகத்துக்கு. சம்பளம் வாங்காமல் ஆடுகிறவர்கள், வாரம் முழுக்கக் குழிக்குள் கரி வெட்டிவிட்டு சனிக்கிழமை பந்து உதைக்கிறவர்கள். போகிற செலவை அவர்களே பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது, அதற்காகச் சிலர் வீட்டுச் சாமான்களை அடகு வைத்தார்கள் என்று உங்கள் ஊரில் சொல்கிறார்கள்.

அடகு. இந்தச் சொல் எங்கள் லயங்களில் தினமும் புழங்குகிற சொல். என் அப்பாயியின் தோடு அவள் காதில் இருந்த நாளை விட அடகுக் கடையில் இருந்த நாள்தான் அதிகம். பள்ளிக்கூடம் திறக்கிற மாதம் தோடு போகும், தீபாவளி முற்பணம் கைக்கு வந்தால் தோடு திரும்பும், தை முடிவதற்குள் மறுபடி போகும். நடுவில் காது தூர்ந்துவிடாமல் இருக்க வேப்பங்குச்சியைக் கிள்ளிச் செருகி வைத்திருப்பாள். ஆகவே சாமானை அடகு வைத்துவிட்டு ஒரு மனிதன் பந்து விளையாடக் கடல் தாண்டிப் போனான் என்று படித்தபோது, அந்த வீட்டில் முந்தின இரவு என்ன பேச்சு நடந்திருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. 1909 பெப்ரவரி 16ஆம் திகதி, உங்கள் டர்ஹாம் மாவட்டத்திலேயே வெஸ்ட் ஸ்டான்லி குழியில் வெடித்து 168 பேர் செத்துப்போனார்கள், பெரியவர்களும் சிறுவர்களுமாக. டுரின் பயணத்துக்கு இரண்டு மாதம்கூட இல்லை. அந்தச் செய்தி தெரியாத சுரங்க வீடு அந்த மாவட்டத்தில் இருந்திருக்க முடியாது. அப்படி ஒரு மாசிக்குப் பிறகு வந்த சித்திரையில் உங்கள் ஆட்கள் ரயிலும் கப்பலும் ஏறி வெயில் அடிக்கிற ஒரு ஊருக்குப் போய், புல்லின் மேல் ஓடினார்கள். இந்தப் பயணத்தை ஒரு வேடிக்கைக் கதையாக என்னால் படிக்க முடியவில்லை.

அரையிறுதியில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் அணியை இரண்டுக்குச் சுழியம் என்று வென்றீர்கள். டுரினில் இருந்த வீரர்களைக் கூட்டிச் சேர்த்த இத்தாலிய அணியை சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் வென்றிருந்தது, அவர்கள் முந்தின வருடத்து சுவிஸ் சாம்பியன்கள், லேசுப்பட்ட ஆட்கள் இல்லை. ஏப்ரல் 12, உயிர்த்த ஞாயிறுக்கு மறுநாள், இறுதி ஆட்டம். அதிலும் இரண்டுக்குச் சுழியம். ஒரு கோலும் வாங்காமல் கிண்ணம்.

இங்கே ஒரு விஷயத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். அழைப்பு வேறு கழகத்துக்குப் போக வேண்டியது, லண்டனின் வூல்விச் ஆர்சனல் கழகத்தின் ஆங்கில முதலெழுத்துகளும் உங்கள் பெயரின் முதலெழுத்துகளும் W.A. என்று ஒன்றாக இருந்ததால் லிப்டனின் ஆட்கள் மாற்றி அனுப்பிவிட்டார்கள் என்று ஒரு கதை உலகம் முழுக்கச் சுற்றுகிறது. அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. எனக்கு அந்தக் கதை பிடிக்கவும் இல்லை. ஏழை ஒருவன் பெரிய இடத்தில் நின்றால், அவன் எப்படி இங்கே வந்தான், யாரோ தவறு செய்திருப்பார்கள் என்று கேட்கிற குணம் அதற்குள் இருக்கிறது. எங்கள் தோட்டத்துப் பிள்ளை பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானாலும் இதே கேள்விதான் வரும். தவறிப் போய் வந்தவர்களைத் திரும்ப யாரும் கூப்பிட மாட்டார்கள். உங்களை 1911இல் மறுபடி கூப்பிட்டார்கள், கிண்ணத்தைக் கையில் வைத்திருக்கிறவர்கள் என்கிற மரியாதையோடு. அப்போது சூரிச்சை வென்று இறுதிக்கு வந்து, டுரினின் யுவென்டஸ் கழகத்தை அவர்கள் ஊரிலேயே வைத்து ஆறுக்கு ஒன்று என்று அடித்தீர்கள். யுவென்டஸ்! அந்தக் கறுப்பு வெள்ளைச் சட்டையே இங்கிலாந்தின் நோட்டிங்ஹாமிலிருந்து அவர்களுக்குப் போனதுதான், அது தனிக் கதை. ஆறு கோல் அதிர்ஷ்டத்தில் விழாது.

1909 அணியில் விருந்தாளியாகச் சேர்ந்து வந்த ஜாக் கிரீன்வெல்லைப் பற்றியும் என் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். பக்கத்து ஊர் குரூக் கழகத்துக்காரர், அவரும் சுரங்கத்தில் வேலை செய்தவர். மூன்று வருடம் கழித்து பார்சிலோனாவுக்கு ஆடப் போனார், அப்புறம் அதே கழகத்துக்குப் பல வருடம் பயிற்றுநர், 1939இல் பெரு நாட்டை தென்னமெரிக்கச் சாம்பியனாக்கியவர், கடைசியில் கொலம்பியாவின் பொகோட்டாவில் கண்ணை மூடினார். எந்தக் குழியில் இறங்கிய மனிதன் எந்த மலையில் போய் முடிந்திருக்கிறான் பாருங்கள். இதைச் சொன்ன அன்றைக்குப் பிள்ளைகள் பந்தைத் தொடாமல் கேட்டுக்கொண்டு இருந்தார்கள்.

இரண்டு முறை வென்றதால் கிண்ணம் உங்களுக்கே சொந்தமாகியது. ஆனால் பயணத்தில் பட்ட கடன் கழகத்தின் கழுத்தைப் பிடித்தது. கடைசியில் கிண்ணத்தையே ஊரிலிருந்த வீட்ஷீஃப் விடுதிக்கார அம்மாவிடம் 40 பவுண்டுக்கு ஈடாக வைத்தீர்கள். போக அடகு, வந்த பிறகும் அடகு. 1960இல்தான், கிட்டத்தட்ட ஐம்பது வருடம் கழித்து, 100 பவுண்ட் கொடுத்து மீட்டீர்கள்.

எனக்கு உங்கள் வரலாற்றிலேயே மிகப் பிடித்த இடம் இதுதான். டுரினில் வென்றதை விடவும். கிண்ணம் எடுத்த ஆட்டக்காரர்களுக்கு வயதாகி, பலர் போய்ச் சேர்ந்து, இரண்டு உலக யுத்தம் முடிந்து, அதற்கெல்லாம் பிறகும் அது நம்முடையது, அதை மீட்க வேண்டும் என்று ஒரு ஊர் நினைத்திருக்கிறது. அடகில் போன பொருள் மீளாமல் முங்கிப்போவதை எத்தனையோ வீட்டில் பார்த்தவன் நான். நீங்கள் மீட்டீர்கள். அதனால்தான் 1994 ஜனவரியில் கள்ளன் அதைக் கொண்டுபோனான் என்று படித்தபோது என் வீட்டுப் பொருள் களவு போன மாதிரி இருந்தது. அது இன்றுவரை கிடைக்கவில்லை. இப்போது இருப்பது அதே மாதிரிச் செய்த பிரதி. 1961 அமெச்சூர் கிண்ண இறுதி, 2012, 2014 வாஸ் கிண்ண இறுதிகள் என்று மூன்று முறை லண்டனின் வெம்ப்ளி மைதானம் வரை போய்க் கைக்கெட்டாமல் திரும்பியதும் தெரியும். 2009இல் நூறாவது வருடத்துக்காக மறுபடி டுரினுக்குப் போய் யுவென்டஸின் இளம் பிள்ளைகளோடு ஆடியதும் தெரியும். மறக்காத ஊர் உங்களுடையது. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

இப்போது எங்கள் பக்கம்.

லிப்டன் 1890இல் இலங்கைக்கு வந்தார். கோப்பிச் செடி நோய் விழுந்து அழிந்து, தோட்டங்கள் மலிவாகக் கிடந்த காலம் அது. ஹப்புத்தளைப் பக்கத்து மலைகளை வாங்கினார், தேயிலையைப் பொட்டலம் கட்டி ஏழையும் வாங்குகிற விலைக்கு உங்கள் நாட்டில் விற்றார். உங்கள் சுரங்க வீடுகளிலும் அந்தத் தேத்தண்ணி கொதித்திருக்கும். நியாயமாகச் சொல்ல வேண்டும், அவருடைய பணம் எல்லாமே தேயிலைப் பணம் இல்லை. கிளாஸ்கோவில் மளிகைக் கடை வைத்து முன்னுக்கு வந்தவர், இங்கே வரும்போதே பணக்காரர்தான். ஆனால் அவர் பெயரை உலகம் முழுக்கக் கொண்டுபோனது தேயிலை. அமெரிக்கக் கிண்ணம் என்கிற பாய்க்கப்பல் போட்டிக்கு ஐந்து முறை கப்பல் இறக்கினார், ஐந்து முறையும் தோற்றார். அவர் ஆசைப்பட்ட கிண்ணம் அவருக்குக் கிடைக்கவில்லை, அவர் கொடுத்த கிண்ணம் உங்கள் ஊரில் தங்கியது.

அந்தத் தேயிலையைப் பறித்தது யார்? திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம், சேலம் என்று தமிழ்நாட்டு வறண்ட ஊர்களிலிருந்து வந்த எங்கள் ஆட்கள். தூத்துக்குடியில் கப்பலேறிக் கொழும்பில் இறங்கியவர்கள் உண்டு, அதற்கு முந்திய காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கிக் காடு வழியாக மலைநாடு வரை நடந்தே வந்து, வழியிலேயே செத்தவர்களும் உண்டு. ஆள் சேர்க்கிற கங்காணி முன்பணம் கொடுத்துக் கூட்டி வருவான், வந்த அன்றைக்கே ஆள் கடன்காரன். அந்தக் கடனை ஒரு காகிதத்தில் எழுதுவார்கள், அதற்குப் பெயர் துண்டு. தோட்டம் மாற வேண்டும் என்றால் புதிய தோட்டம் அந்தத் துண்டில் இருக்கிற கடனை அடைத்து ஆளை எடுத்துக்கொள்ள வேண்டும். உங்கள் ஆட்கள் டுரினுக்குப் போக வீட்டுச் சாமானை அடகு வைத்த அதே 1909இல், எங்கள் மலைகளில் ஆளே அடகில் இருந்தான். அந்தத் துண்டு முறை ஒழிய 1921 ஆனது.

என் அப்பாயி அதற்குப் பிந்திய காலத்து ஆள். அவள் வேலை செய்த தோட்டம் எது என்பது இங்கே வேண்டாம், எல்லாத் தோட்டமும் ஒன்றுதான். சின்னப் பிள்ளையில் நான் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு அவளோடு போவேன். இடுப்பில் படங்கு, தலையிலிருந்து தொங்கும் கயிற்றில் கூடை, நனைந்த கொழுந்து கனம். தராசுக்கு முன்னால் வரிசை. கணக்கப்பிள்ளை முள்ளைப் பார்த்து இலக்கம் சொல்வார், சொல்லும்போதே தண்ணிக்கு என்று, முத்தல் இலைக்கு என்று, கூடைப் பாரத்துக்கு என்று கழித்துவிடுவார். குறித்த இறாத்தல் வரவில்லை என்றால் அன்றைக்கு அரைப்பேர். முழுநாளும் அட்டைக் கடியோடு மலையில் நின்றிருந்தாலும் செக்ரோல் என்கிற வேலைப் பதிவேட்டில் அரை ஆள்தான். அப்பாயியின் வலது கைப் பெருவிரலில் கொழுந்து கிள்ளிக் கிள்ளி ஒரு கறுத்த வெடிப்பு இருந்தது, அது அவள் சாகும் வரைக்கும் மூடவில்லை. வேலையை விட்டு இருபது வருடம் கழித்தும் அவள் கையை மோந்தால் பச்சைக் கொழுந்து வாசம் வருகிற மாதிரி எனக்குத் தோன்றும்.

கரி வெட்டுகிற கைக்கும் இப்படித்தான் என்று படித்தேன். காயத்துக்குள் கரித்தூள் போய் நீலத் தழும்பாக நிற்குமாம், கழுவினாலும் போகாதாம். உங்கள் தாத்தாமாரின் கையில் அதைப் பார்த்தவர்கள் உங்களில் இன்னும் இருப்பீர்கள்.

1909இல் கொழுந்து பறித்தவர்களின் பெயர் எங்களுக்குத் தெரியாது. உங்கள் பதினொரு பேரின் பெயரை நீங்கள் காப்பாற்றி வைத்திருக்கிறீர்கள், ஊர்ப் புல்வெளியில் அந்த வெற்றிக்குச் சிலை வைத்திருக்கிறீர்கள். எங்களுடையவர்கள் செக்ரோலில் ஒரு இலக்கமாகப் போனார்கள். 1948இல் அவர்களின் பிள்ளைகளிடமிருந்து குடியுரிமையையே எடுத்துவிட்டார்கள், பிறகு இரண்டு அரசாங்கம் உட்கார்ந்து பேசி, பல இலட்சம் பேரைப் பங்கு பிரித்து ஒரு பகுதியை இந்தியாவுக்கு அனுப்பியது. அதையெல்லாம் இந்த மடலில் எழுதி முடியாது.

நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். கிண்ணத்தின் பிரதி வைத்திருக்கிற இடத்தில், 1909, 1911 என்று எழுதியிருக்கிற இடத்துக்குப் பக்கத்தில், ஒரு வரி சேருங்கள். இந்தக் கிண்ணத்தைக் கொடுத்தவரின் செல்வத்தில் இலங்கை மலைகளில் கொழுந்து பறித்த தமிழ்த் தொழிலாளரின் உழைப்பும் இருக்கிறது என்று. இவ்வளவுதான். முடிந்தால் தமிழிலும் அந்த வரி இருக்கட்டும், எழுத்தை நான் சரிபார்த்து அனுப்புகிறேன்.

நீங்கள் எங்களுக்குக் கடன்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. நீங்கள் எங்களிடமிருந்து எதையும் எடுக்கவில்லை, சொல்லப்போனால் லிப்டன் கொடுத்த அழைப்பில் நீங்களும் கடன்பட்டுத்தான் திரும்பினீர்கள். இதைக் கம்பெனிக்கு எழுதலாமே என்று கூட்டாளி ஒருவர் கேட்டார். கம்பெனி கைமாறிக்கொண்டே இருக்கும், யாரிடம் கொடுப்பது என்று தெரியாது. ஊர் அப்படி இல்லை. 1911இல் வென்று ஈடு வைத்ததை 1960இல் போய் மீட்ட ஊருக்கு எழுதினால், நாங்கள் எதை மீட்கக் கேட்கிறோம் என்று விளக்க வேண்டியதில்லை என்று நினைத்தேன்.

இன்னொரு ஆசை, இது கட்டாயம் இல்லை. உங்கள் பிள்ளைகளில் ஒரு அணி எப்போதாவது இந்தப் பக்கம் வர முடிந்தால் வாருங்கள். ஹப்புத்தளை வரைக்கும் ரயில் இருக்கிறது. தங்குகிற இடம், சாப்பாடு எங்கள் பொறுப்பு, அதற்கு நீங்கள் எதையும் அடகு வைக்க வேண்டாம், நாங்களும் வைக்க மாட்டோம், தோட்டத்தில் வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று பிரித்துக்கொள்வோம், கேட்டுப் பார்த்துவிட்டேன். எங்கள் மைதானம் கொஞ்சம் சரிவு. கீழ்க் கோலுக்குப் பின்னால் வேலி கிடையாது, நேரே தேயிலைதான், பந்து உள்ளே போனால் அட்டைக்குப் பயப்படாத பொடியன் ஒருவன் எப்போதும் அங்கே நிற்பான்.

வருவதானால் உயிர்த்த ஞாயிறு விடுமுறையில் வாருங்கள், டுரினுக்குப் போன அதே நாட்களில். ஏப்ரலில் காலை வெளிச்சமாக இருக்கும், மத்தியானத்துக்கு மேல் மூடுபனி ஏறி மழையும் வரும். அதனால் ஆட்டத்தைக் காலை ஒன்பது மணிக்கே வைத்துக்கொள்வோம்.

அன்புடன்,
ஹப்புத்தளை மலையிலிருந்து
ஒரு தோட்டத்துப் பிள்ளை